குப்பைக்கு நான் பொறுப்பு

ஜனவரி 18, ஞாயிறு

இன்று மாலை எங்கள் மருதம் ரெசிடென்சியின் பொதுக்கூட்டம். நடுவில் ஒரு நோயாளியிடமிருந்து போன் வந்தது, முதுகு பிடித்துக்கொண்டதாம். எப்படிப் புரண்டு படுக்க வேண்டும் என்று மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டு உள்ளே வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

தலைவர் நஞ்சப்பன் சிரித்தபடி விளக்கம் சொன்னார்: "உங்களுக்கென்னுங்க பொற்கொடி, குடும்பமா குட்டியா. நேரங்கெடக்குது."

நான் பிசியோதெரபிஸ்ட். காலையில் நான்கு வீடுகளுக்குப் போய் முழங்கால்களையும் தோள்களையும் வழிக்குக் கொண்டுவருகிறேன். மாலையில் வடவள்ளி கிளினிக்கில் உட்காருகிறேன். அம்மா போன பிறகு வீட்டில் தனியாக இருப்பது உண்மை. நேரம் கிடக்கிறது என்பது பொய். ஆனால் கூட்டத்தில் பேச எனக்கு எப்போதும் நாக்கு எழாது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் வேலையும் கையோடு வந்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து குப்பையைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் வண்டிக்காரர்கள் எடுக்கமாட்டார்களாம்.

ஜனவரி 20, செவ்வாய்

இரண்டு கையிலும் பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். திடீரென்று மாடிப்படி விளக்கு அணைந்தது. கத்தரிக்காய்கள் உருண்டன. முதல் மாடியிலிருந்து ஓர் ஆண்குரல்: "யாருமில்லைன்னு நெனச்சு அணைச்சுட்டனுங்க."

முதல் மாடித் திருமூர்த்தி. மின்வாரியத்தில் வேலை, சாயங்காலங்களில் பட்டிமன்றங்களில் பேசுகிறவர். ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் தலையசைப்பைத் தாண்டியதில்லை. விளக்கைப் போட்டு, கத்தரிக்காய்களைப் பொறுக்கித் தந்தார்.

"ஆள் வர்றாங்களான்னு பாத்துட்டு அணைக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

"நாள் பூரா அடுத்தவங்க மீட்டரைப் பாத்துட்டு வர்றனுங்க. வூட்டுக்கு வந்து சொந்த மீட்டர் சும்மா ஓடறதைப் பாத்தா பொறுக்கறதில்லை, டாக்டரம்மா."

நான் டாக்டர் இல்லை என்று சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டார். எரிச்சலூட்டும் மனிதர். ஒரு கத்தரிக்காயை இன்னும் காணோம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பிரித்துக் கொடுக்கும் முதல் நாள். ஈரக் குப்பைக்குப் பச்சை வாளி, காய்ந்ததற்கு நீல வாளி என்று எல்லா வீட்டு வாசலிலும் எழுதி ஒட்டியிருந்தேன். காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பச்சை வாளியில் டயாபர். நீல வாளியில் நேற்றைய சாம்பார். இரண்டாம் மாடியில் ஒருவர் இரண்டு வாளியிலும் ஊறுகாயைக் கொட்டிவைத்திருந்தார். என் துணியெல்லாம் புளித்த வாசம்.

ஒரே ஒரு வீட்டு வாளிகள் சரியாக இருந்தன. பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து மடித்திருந்தது. திருமூர்த்தி.

"ஈரக் குப்பையை வண்டிக்குக் குடுக்கறதே தேவையில்லைங்க," என்றார். "பின்னால எடமிருக்குது. தொட்டி வச்சு நாமளே உரமாக்கிக்கலாம்."

"யாரு பாத்துக்கறதுங்க?"

"செயலாளர்தான்."

சிரிக்காமல் சொன்னார். பிறகு, "நானும் வர்றனுங்க," என்றார்.

பிப்ரவரி 4, புதன்

பக்கவாட்டில் ஓட்டை போட்ட பெரிய டிரம்கள் வந்து இறங்கின. அடியில் தேங்காய் நார் பரப்பி, காய்கறித் தோல் கொட்டி, மேலே புளித்த மோர் தெளித்தோம். திருமூர்த்தி வேலை செய்யும்போதும் பேசுகிறார். வாழைப்பழத் தோல் சீக்கிரம் மக்குமா, பப்பாளித் தோலா என்று அவரே கேட்டு, வாழைப்பழத்துக்காகப் பேசி, பிறகு பப்பாளிக்காகவும் பேசி, இரண்டுக்கும் சமமான தீர்ப்புச் சொன்னார்.

மதியம் புதிதாக ஒரு சமையல் முறை செய்து பார்த்தேன். அரிசியை ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி போட்டுத் துணியைச் சுற்றி வைத்துவிட்டால் தானே வெந்துவிடுகிறது. அவர் சொன்னதுதான். என்றாலும் வெந்துவிடுகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் பின்பக்கச் சுவருக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கும் நடுவில் ஒரு மூலை இருக்கிறது. கூட்டி வாரும் சருகையெல்லாம் அங்கே குவித்து எரிப்பது வழக்கம். வாட்ச்மேன், தலைவர் நஞ்சப்பன் சொன்னபடி செய்கிறார். நஞ்சப்பன் அவருடைய அப்பா செய்தபடி செய்கிறார்.

இன்று காலை புகை சுழன்று எங்கள் பக்கம் வந்தது. ஜன்னலை மூடப் போனபோது கீழே இருமல் கேட்டது. நிற்கவில்லை. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். திருமூர்த்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தார். மூச்சு வெளியே வரும்போது விசில் போல ஒரு சத்தம். கையில் இன்ஹேலர் இருந்தது. பக்கத்தில் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னேன். மெழுகுவர்த்தி ஆடவேண்டும், அணையக் கூடாது, அப்படி. கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

"ரெண்டு வருசமா இப்படித்தானுங்க. போன மாசம் காங்கேயத்துல மேடையில பாதியில எறங்கிட்டேன். இந்தச் சித்திரைக்கும் பேச முடியலைன்னா இனி யாரும் கூப்பிடமாட்டாங்க."

அவர் அதைச் சொன்னபோது இரண்டு பக்கமும் பேசவில்லை.

மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதாகச் சொன்னேன். தொழில் என்று வந்துவிட்டால் ஆள் பார்க்க முடியுமா.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் மொட்டை மாடியில் பயிற்சி. நன்றாகப் பழகுகிறார். நடுவில் பேச்சை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துவைத்த துணியை டிரையரில் போடாமல் மாடிக்கே எடுத்துப் போய்க் கொடியில் போடுகிறேன். எப்படியும் ஏறுகிறேன் அல்லவா.

பிப்ரவரி 13, வெள்ளி

அவர் மனைவி இறந்து ஆறு வருடமாம். அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டடத்துக்கு வந்திருக்கிறார். மகள் நன்முல்லை திருச்சியில் படிக்கிறாள். அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பெருந்தோல்வி. டிரம்மைத் திறந்தால் புழு, தண்ணீர், நாற்றம். முதல் மாடியில் இருவர் ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்று என் வாசலில் வந்து நின்றார்கள். நஞ்சப்பன் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "நல்லா இருந்த எடமுங்க இது," என்றார்.

கிளினிக்கில் ஒரு நோயாளி, "மேடம், ஏதோ வாசம் வருதுங்க," என்றார். என் கைதான்.

பிப்ரவரி 18, புதன்

தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஈரம் அதிகம். மீந்துபோன ரசத்தையும் மோரையும் அப்படியே கொட்டியிருக்கிறார்கள். ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு ஒரு பங்கு காய்ந்த இலை போடவேண்டும். நாங்கள் தேங்காய் நாரை மட்டும் நம்பியிருந்தோம்.

காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று யோசித்தபடி இருவரும் ஒரே நேரத்தில் தூங்குமூஞ்சி மரத்தை நிமிர்ந்து பார்த்தோம். மரம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் எரித்துக்கொண்டே இருக்கிறோம்.

அவர் டிரம்மைக் கிளற, நான் இலையை அள்ளிப் போட்டேன். புழு ஒன்று அவர் சட்டைக்குள் போனது. பட்டிமன்றப் பேச்சாளர் ஆடிய ஆட்டத்தை இங்கே வர்ணிக்க மாட்டேன். நான் சிரித்ததில் எனக்கே வயிறு வலித்தது. கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து கோமதி அக்கா போன். டிரம்மின் நாற்றம் போய்விட்டதைச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, குப்பையைப் பத்திக் கேட்டா அந்த மின்வாரியத்துக்காரரைப் பத்தியே சொல்றே?"

"அவரு குப்பைக் கமிட்டியில இருக்காருக்கா."

"ஓஹோ. கமிட்டியில வேற யாரெல்லாம் இருக்காங்க?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். கமிட்டியில் வேறு யாரும் இல்லை.

பிப்ரவரி 28, சனி

ஓட்டலில் பார்சல் வாங்க இருவரும் தூக்குப் பாத்திரத்தோடு போனோம். அவரவர் வீட்டுக்கு, தனித்தனியாக. ஒரே நேரத்தில் பசித்தது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஒரு கரண்டி சாம்பார் தருகிற கடைக்காரர், தூக்கைப் பார்த்ததும் அதன் வாய்வரை ஊற்றிவிட்டார். "பாத்திரத்தோட வர்றவங்களைப் பாத்தா வூட்டு ஆளுக மாதிரி இருக்குதுங்க," என்றார். திருமூர்த்தி இதை வைத்து வரும் வழியெல்லாம் பேசினார். சாம்பார் ஆறிவிட்டது. மறுபடி சூடு பண்ணவில்லை. அப்படியே நன்றாக இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

பச்சை நிறத்தில் ஒரு சுங்கடிப் புடவை வாங்கினேன். பழையது நைந்துவிட்டது. மின் கட்டணமும் வந்தது, குறைந்திருக்கிறது. என்ன காரணம் என்று யோசித்தேன். முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன், பார்ப்பதற்கில்லை, ஒரு குரல் இருக்கட்டும் என்று. இப்போது போடுவதில்லை போலிருக்கிறது. மிச்சப்படுத்துவது தானாக வரும் பழக்கம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

நஞ்சப்பன் அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம் போட்டிருக்கிறார். டிரம்களை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு தனியார் லாரிக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. கலந்தே கொடுக்கலாமாம், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்பதை நாம் கேட்கக் கூடாதாம். சருகை எப்போதும்போல் எரித்துக்கொள்ளலாம்.

அவர் மனைவி சரசு அக்காவின் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். "அவரு கெட்டவரில்லை கண்ணு," என்றார் சரசு அக்கா. "புழுவைப் பாத்ததுல இருந்து சோறு எறங்கலையாம்."

திருமூர்த்தியிடம் சொன்னேன். அவர் கண்கள் மின்னின. "கூட்டந்தானுங்க? நான் பேசறேன். நீங்க பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்."

பெரிய நிம்மதி. பேசுவதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

மார்ச் 12, வியாழன்

மாடியில் அவர் பேச்சை ஒத்திகை பார்த்தார். கொடியில் தொங்கிய என் புடவைகள்தான் சபை. குரல் நன்றாக வந்தது. இரண்டு மாதத்தில் இப்படிக் கேட்டதில்லை. நடுவில் நிறுத்தி, "பொற்கொடி, இந்த எடம் சரியா இருக்குதுங்களா?" என்றார்.

டாக்டரம்மா என்று சொல்லவில்லை. சரியாக இருக்கிறது என்றேன். எந்த இடம் என்று கவனிக்கவில்லை.

மார்ச் 14, சனி

மத்தியானம் நான் ஒரு நோயாளி வீட்டில் இருந்தபோது சருகை எரித்துவிட்டார்கள். டிரம்முக்கென்று இரண்டு மூட்டை கட்டிவைத்திருந்தோம்; கூட்டத்துக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி நஞ்சப்பன் உத்தரவாம். நான் வரும்போது வாசலில் இன்னும் புகை நின்றது.

மூச்சுத் திணறிக்கொண்டிருந்த திருமூர்த்தியை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நெபுலைசர் வைத்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வந்தார். பேசாதீர்கள் என்றேன். சிறுபிள்ளை போலச் சொன்னபடி கேட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நாளைக்குக் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்றேன். குரல் போயிருந்தது; தலையாட்டி மறுத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

கூட்டம் முடிந்து இப்போதுதான் மேலே வந்தேன்.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நஞ்சப்பன் முதலில் பேசினார். புழு, நாற்றம், கொசு. பாதிப் பேர் தலையாட்டினார்கள். பிறகு, "செயலாளர் என்ன சொல்றீங்க?" என்றார்.

எழுந்தேன். பக்கத்தில் திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, கையில் இன்ஹேலர்.

"எனக்குப் பேச வராதுங்க," என்றேன். "எனக்குப் பதிலா இவரு பேசறதா இருந்துச்சு. சார், எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். எழுந்து, மேடையில் நிற்பதுபோல் நின்று, கை கூப்பி, வாயைத் திறந்தார். "பெரியோர்களே" என்று சொல்லியிருக்க வேண்டும். காற்றுதான் வந்தது, காற்றுக்குள் அந்த விசில். இரண்டாம் மாடிக்காரர் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தார். இன்னும் சிலரும் சிரித்தார்கள். அப்போது இருமல் பிடித்தது. நாற்காலியைப் பற்றிக்கொண்டார். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. சரசு அக்காதான் முழங்கால் வலியோடு எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

"நேத்து பின்னால எரிச்ச எலை இது," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "அந்த எலையைப் போடாம விட்டதாலதான் மொதல்ல தொட்டி நாறுச்சு. போட்டதுக்கப்புறம் யாருக்காவது நாத்தம் வந்துச்சுங்களா? எலை தொட்டிக்குப் போனா உரம். நெருப்புக்குப் போனா இவரு நெஞ்சுல போய் உக்காருது. மாடியில நான் இவருக்கு மூச்சுப் பயிற்சி குடுக்கறேன். கீழே நாமளே புகையைப் போடறோம். எனக்குச் சொல்றதுக்கு அவ்வளவுதானுங்க இருக்குது."

உட்கார்ந்துவிட்டேன்.

நஞ்சப்பன் எழுந்து நின்றார். பிறகு, "நாந்தானுங்க எரிக்கச் சொன்னேன்," என்றார். "இத்தனை ஆகும்னு நெனைக்கலை. எங்கூட்டுக்காரி இருமறதுகூட அதனாலதானோ என்னமோ."

"கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன்," என்றார் சரசு அக்கா. "இப்பத்தான் காதுல விழுகுதாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். டிரம்கள் இருக்கும். இனி இலை எரிப்பதில்லை.

படியேறும்போது திருமூர்த்தி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "நான் பேசியிருந்தால் தோற்றிருப்போம்."

மார்ச் 16, திங்கள்

காலையில் எட்டிப் பார்த்தால் நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டோடு, டிரம்மில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

முதல் டிரம்மைச் சலித்தோம். தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக, உதிரியாக இருந்தது. நாற்றமே இல்லை, மண் வாசம்தான். சரசு அக்கா கருவேப்பிலைச் செடிக்கென்று ஒரு டப்பா எடுத்துப் போனார். அதைப் பார்த்துப் பின்னாலேயே எல்லா வீட்டிலிருந்தும் டப்பாக்கள் வந்தன. ஊறுகாய் கொட்டிய வீட்டுக்காரர் இரண்டு முறை வந்தார்.

திருமூர்த்தியின் குரல் முழுதாகத் திரும்பிவிட்டது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே திரும்பிவிட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். வடவள்ளியில் பட்டிமன்றம். தலைப்பு: இல்லறம் இனிப்பது பேச்சாலா, மௌனத்தாலா. அவர் பேச்சின் பக்கம். சுங்கடிப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தாமல், இருமாமல் பேசினார். கூட்டம் குலுங்கியது. நடுவர் கடைசியில் மௌனத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். திருமூர்த்தி தோற்றதற்குக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

வண்டியை எடுக்காமல் நடந்தே போயிருந்தோம், திரும்பியதும் நடந்துதான். பாதி வழிவரை அவர் வாயைத் திறக்கவில்லை. மறுபடி மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"இல்லைங்க," என்றார். "ஒண்ணு கேக்கோணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை."

"மேடையில பேசற மாதிரி வேண்டாம். நேராக் கேளுங்க."

நேராகக் கேட்டார். மிகச் சின்ன வாக்கியம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

"உங்க மக என்ன சொல்லுவா?" என்றேன்.

"சனிக்கிழமை வர்றா. அவகிட்டச் சொல்லோணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ வரட்டும்," என்றேன். வீடு வரும்வரை என் கால்கள் தரையில் சரியாகப் பட்டனவா என்று தெரியவில்லை. அடுத்தவர் நடையைத் திருத்துகிறவள் நான்.

ஏப்ரல் 16, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். போனில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தால், அழுதுகொண்டிருக்கிறாள். "கமிட்டியைக் கூட்டிட்டு ஒருநாள் பொள்ளாச்சிக்கு வா," என்றாள் கடைசியில்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டியது நன்முல்லை. தனியாக வந்திருந்தாள். அப்பாவின் நெற்றி; ஆனால் பேச்சு கம்மி. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். சமையலறைக்கு வந்து, மேடையில் சாய்ந்து நின்றாள். தோசை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். சரி என்றாள்.

முதல் தோசையைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கப்பா ரொம்பப் பேசறாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆன்ட்டி. உங்களுக்கும் அப்படித்தான் தோணும். ஆனா அம்மா போனதுக்கப்புறம் அவரு மேடையில மட்டுந்தான் பேசினாரு. வூட்டுல பேசவே மாட்டாரு. லீவுக்கு வந்தா நானும் அவரும் ஆளுக்கொரு ரூம்ல இருப்போம். நேத்து வந்து எறங்கினதுல இருந்து பேசறாரு. பப்பாளித் தோலைப் பத்திப் பேசறாரு. எனக்குத் தூக்கமே வந்துருச்சு. ஆனாலும் கேட்டுட்டே இருந்தேன்."

அடுப்பைக் குறைத்தேன். என் முகத்தை அவள் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தேன்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க அவருகிட்ட?" என்றாள்.

"சரின்னு," என்றேன்.

"அப்ப இன்னொரு தோசை ஊத்துங்க," என்றாள் நன்முல்லை. "உங்களைக் கேக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அவரும் பசியோட கீழே உக்காந்திருக்காரு."